ஜப்பானியத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது

ஜப்பானிலிருந்து திரும்பிய தோழி எனக்குச் சிறிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். ஊசிபோல் சுருண்ட கரும்பச்சை இலைகள். பிரித்ததும் கடற்பாசியும் புதுப்புல்லும் கலந்த மணம். நம் வீட்டு வழக்கப்படி தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அள்ளிப் போட்டேன். நாக்கை இழுத்துப் பிடிக்கும் கசப்புதான் மிஞ்சியது. இலைகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன். அது கியோகுரோ, ஜப்பானியர் விருந்தினருக்கென்று எடுத்து வைக்கும் உயர்ந்த இலை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இதை எழுதுவதும் அதனால்தான்.

தேயிலையின் இனிமைக்கும் ‘உமாமி’ என்னும் ஆழ்ந்த சுவைக்கும் காரணம் தியானின் என்ற அமினோ அமிலம். வெயில் பட்டால் அது துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டசின்களாக மாறத் தொடங்குகிறது. அதனால்தான் கியோகுரோ தோட்டங்களில் பறிப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்பே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். தியானின் வெதுவெதுப்பான நீரிலேயே இறங்கிவிடும். கேட்டசினும் காஃபினும் நன்றாக இறங்கச் சூடு வேண்டும். விவசாயி மூன்று வாரம் காத்து வளர்த்த இனிமையை, கொதிநீரை ஊற்றுகிறவர் ஒரே நிமிடத்தில் கசப்பில் மூழ்கடித்துவிடுகிறார்.

கியோகுரோவுக்கு 50 முதல் 60 டிகிரி, அன்றாடம் குடிக்கும் சென்ச்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி போதும். வெப்பமானி தேவையில்லை. ‘யுஸாமாஷி’ என்ற மூக்குள்ள கிண்ணத்தில் நீரை ஊற்றி ஆற்றுவது ஜப்பானிய வழக்கம். ஒருமுறை பாத்திரம் மாற்றினால் சுமார் 10 டிகிரி இறங்கும். டபராவில் காபி ஆற்றிப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. நாம் கலந்த பிறகு ஆற்றுகிறோம். அவர்கள் இலையைத் தொடும் முன்பே நீரை ஆற்றிவிடுகிறார்கள்.

இருவருக்கு 4 கிராம் சென்ச்சா, ஒரு நிமிடம், அவ்வளவுதான். கெண்டியைக் குலுக்கக் கூடாது. ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகவும் கூடாது. மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஊற்றினால்தான் இரண்டிலும் ஒரே சுவை வரும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். கெண்டியில் நீர் தங்கினால் இலை ஊறிக்கொண்டே இருந்து இரண்டாம் முறை கசக்கும்.

ஆனால் ஹோஜிச்சாவுக்கு இதெல்லாம் தலைகீழ். அது வறுத்த இலை. வெதுவெதுப்பான நீரில் மணமே எழாது. நன்றாகக் கொதித்த நீரை ஊற்றி அரை நிமிடத்தில் வடித்துவிடலாம்.

மாட்சாவில் நடக்கும் தவறுகள் கடையிலேயே தொடங்குகின்றன. பச்சையாக இருக்கும் பொடியெல்லாம் மாட்சா அல்ல. நிழலில் வளர்த்து, ஆவியில் வேகவைத்து, உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கிய இலையைக் கல் இயந்திரத்தில் அரைப்பதுதான் மாட்சா. ஓர் இயந்திரம் மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். விலை ஏன் அவ்வளவு என்று இனிக் கேட்க மாட்டீர்கள். வீட்டில் பொடியைச் சலிக்காமல் கரண்டியால் கலக்கினால் கட்டி தட்டும். 2 கிராமைச் சலித்து, 80 டிகிரி நீர் 70 மில்லி ஊற்றி, ‘சாசென்’ என்ற மூங்கில் மத்தால் கலக்க வேண்டும். மத்து என்றதும் வட்டமாகக் கடையத் தோன்றும், அது கூடாது. மணிக்கட்டை முன்னும் பின்னும் வேகமாக அசைத்தால்தான் நுரை எழும். இனிப்பைத் தேநீரில் கரைக்காதீர்கள். தேநீர்ச் சடங்கில் இனிப்புப் பண்டத்தை முதலில் தின்று முடித்துவிடுவார்கள். நாவில் தங்கிய இனிப்பின் மேல் மாட்சாவின் கசப்பு வந்து அமரும்.

பருவத்தை மறப்பது இன்னொரு தவறு. வசந்தத் தொடக்கமான ரிஷ்ஷுனிலிருந்து எண்பத்தெட்டாவது நாள், ஏறத்தாழ மே 2, புதுத்தேயிலை பறிப்பதற்குப் பெயர் பெற்றது. அந்த ‘ஷின்ச்சா’வின் பெருமையே பச்சை மணம்தான், பத்திரப்படுத்தி வைத்தால் மணம் போய்விடும். மாட்சா அப்படியல்ல. மரபுப்படி வசந்தத்தில் பறித்த இலையை ஜாடியில் அடைத்துக் கோடை முழுக்க முதிரவிட்டு, நவம்பரில்தான் முத்திரையை உடைக்கிறார்கள். அதே மாதத்தில் தேநீர் அறையின் தரையில் பதித்த ‘ரோ’ அடுப்பும் திறக்கப்படுகிறது. தேநீர்க் கலைஞர்களுக்கு அதுவே புத்தாண்டு.

பண்டங்களுக்கும் பருவம் உண்டு. கியோட்டோவில் ஜூன் 30 அன்று ‘மினாஸுகி’ தின்பார்கள். வெள்ளை மாவுப் பண்டத்தை முக்கோணமாக வெட்டி, மேலே இனிப்பில் வெந்த சிவப்பு அசுகிப் பயறு பரப்பியிருக்கும். முக்கோணம் பனிக்கட்டித் துண்டின் சாயல். ஐஸ் எட்டாத பொருளாக இருந்த காலத்து மக்கள், கொளுத்தும் கோடையைத் தாண்ட அதன் உருவத்தையாவது தின்றிருக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான தின்பண்டம் தெரியாது. அதைப் போய் டிசம்பரில் தேடாதீர்கள்.

சமையலில் மாட்சாவை நீண்ட நேரம் சூடாக்கினால் பச்சை மங்கிப் பழுப்பேறும். ஐஸ்கிரீம் போன்ற குளிர்ந்த பண்டங்களில் நிறம் நிற்கும். பாலோடு சேர்க்க ஹோஜிச்சாப் பொடியே என் தேர்வு. சோற்றின் மேல் தேநீர் ஊற்றி உண்ணும் ‘ஓச்சாஸுகே’வுக்கு விலையுயர்ந்த இலையை வீணாக்க வேண்டாம், சூடான ஹோஜிச்சாவோ சென்ச்சாவோ போதும்.

பச்சைத் தேநீர்தானே, தூக்கம் கெடாது என்று இரவில் கியோகுரோ குடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஜப்பானிய உணவு அட்டவணைப்படி 100 மில்லி காபியில் காஃபின் 60 மில்லிகிராம், கெட்டியாகத் தயாரித்த கியோகுரோவில் 160.

வடித்தபின் இலையை எறியாதீர்கள். இரண்டாம் பொட்டலம் கிடைத்தபோது, மூன்று முறை வடித்த இலைகளைச் சிறு தட்டில் எடுத்து, சில சொட்டு சோயா சாஸ் விட்டுத் தின்றேன். இளங்கீரைபோல் மென்மையாக, லேசான துவர்ப்போடு இருந்தன.