கனூவில் காட்டுக்குள் போகிறவர்களுக்கு: கைக்கு எட்ட இருக்க வேண்டிய சின்னச் சாமான்கள்

மலேசியாவில், பகாங் மாநிலத்துத் தாசிக் பெரா ஏரியில் முதல் தடவை கூடாரம் போட்ட அன்று சாயங்காலம் நாலரைக்குப் பிடித்த மழை ஆறரை வரை விடவில்லை. லைட்டர் பெரிய பையின் அடியில் கிடந்தது, அந்தப் பை படகுக்குள் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. நானும் மச்சானும் அவருடைய தம்பியும் ஊறிப்போன ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டு ஈரத் துணியோடு படுத்தோம். படகு நல்ல படகு, கூடாரம் நல்ல கூடாரம், லைஃப் ஜாக்கெட்டும் நல்லதுதான். ஒரு சின்ன லைட்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருந்ததால் அந்த ராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்கினோம்.

அன்றைக்கு அப்புறம், எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இந்த நிமிஷம் படகு கவிழ்ந்தால் இது எங்கே இருக்கும்? என் உடம்போடு இருக்குமா, படகோடு சேர்ந்து மிதக்குமா, அடியில் போய்விடுமா? உயிருக்கு வேண்டியது உடம்பில், ராத்திரிக்கு வேண்டியது மிதக்கிற பையில், போனால் போகட்டும் என்பது மட்டும் மற்ற இடங்களில். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

முதலில் உடம்பில் இருக்க வேண்டியவை. விசில் ஒன்று, உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசிலாகப் பாருங்கள், அது நனைந்தாலும் ஊதும். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டை வாரில் சின்னக் கயிற்றால் கட்டி, கையைத் தூக்காமலே வாய்க்கு எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை விட்டுவிட்டு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம், இதைக் கூட வருகிற எல்லாரிடமும் கரையிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு சின்னக் கத்தி. படகில் கயிறு இருக்கும், கவிழும்போது கயிறு காலில் சுற்றும், அப்போது பைக்குள் இருக்கிற பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு கையால் திறக்க முடிகிற மடக்குக் கத்தி ஜாக்கெட் பையில் இருக்கட்டும். ஜிப்லாக் பையில் சுற்றிய லைட்டர் ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. அந்த விளக்கு பகலிலும் உடம்பிலேயே இருக்க வேண்டும். நம் ஊரில் பொழுது ஏழரைக்குள் சாய்ந்துவிடும், சாய்ந்த கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் கை தெரியாது.

கைப்பேசியை நம்பிப் போகாதீர்கள். நீர் புகாத உறையில் கொஞ்சம் காற்றை விட்டு மூடினால் அது மிதக்கும், ஆனால் தொலைத்தொடர்பு கோபுரம் எட்டாத இடத்தில் 999 அடிக்க முடியாது. எங்கே போகிறோம், எந்தக் கரையில் தங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்பிக் கூப்பிடுவோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது எந்தக் கருவியையும் விடப் பெரியது. என் வீட்டில் அந்தக் காகிதம் குளிர்பெட்டிக் கதவில்தான் ஒட்டியிருக்கும்.

இனி படகு. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் வாக்கில், மிதக்கிற ரகமாக இருந்தால் நல்லது. இரண்டையும் சுருட்டி ரப்பர் பட்டைக்குள் சொருகி வையுங்கள், தளர்ந்து காலடியில் கிடக்கக் கூடாது. தண்ணீர் இறைக்கக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். சமையல் எண்ணெய் வருகிற கைப்பிடி வைத்த ஐந்து கிலோ பிளாஸ்டிக் கலன் வீட்டில் இருக்கும், மூடியை இறுக்கி மூடிக்கொண்டு அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டினால் கைப்பிடியோடு ஒரு அகப்பை கிடைத்துவிடும். வெட்டிய ஓரம் படகின் அடி வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி கத்தரித்துவிடுங்கள், கடைசிச் சொட்டுவரை அள்ளும். மிச்ச ஈரத்துக்குக் கார் கழுவுகிற பெரிய ஸ்பாஞ்ச். இரண்டையும் ஒரு முழக் கயிற்றில் இருக்கையோடு கட்டிவிடுங்கள். உபரித் துடுப்பு ஒன்று கட்டாயம், அது எட்டிப் பிடிக்கிற இடத்தில் இருக்க வேண்டும், பைகளுக்கு அடியில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

பைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். நீர்புகாப் பை என்று எழுதியிருப்பதாலேயே தண்ணீர் புகாது என்று நினைத்துவிடுகிறோம். வாயை மூன்று தடவையாவது இறுக்கிச் சுருட்டிக் கொக்கி போட்டால்தான் அது மூடியதாகக் கணக்கு, சாமானைத் திணித்துவிட்டு ஒரு சுருட்டில் விட்டால் தண்ணீர் வரத்தான் செய்யும். பையின் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் உள்ளே டிஷ்யூ காகிதத்தைப் போட்டு மூடி, குளியலறை வாளியில் பத்து நிமிஷம் அமுக்கிப் பிடியுங்கள், காகிதம் காய்ந்திருந்தால் பை நல்ல பை. அதற்கும் மேல் ஒரு காவல் வேண்டும் என்றால், பைக்குள் கெட்டியான கறுப்புக் குப்பைப் பையை விரித்து, அதற்குள் துணியை வைத்து, அதன் கழுத்தை முறுக்கி மடக்கி ரப்பர் பட்டை போடுங்கள். இந்த இரட்டைப் பை ஏற்பாட்டில் வைத்த என் மாற்றுத் துணி இதுவரை நனைந்ததில்லை. தூங்குகிற துணியும் போர்வையும் எப்போதும் இந்தப் பையில்தான், அதைப் பகலில் திறக்கவே மாட்டேன்.

கனமானதை நடுவில், அடியில் வையுங்கள். தண்ணீர்க் கலன், அரிசி, சார்டின் டின் எல்லாம் அங்கே. படகு முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், பின்பக்கம் ஒரு விரல் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை. எதிர்க்காற்று அடித்தால் ஒரு பையை முன்னுக்குத் தள்ளுங்கள், மூக்கு காற்றைப் பார்த்தபடி நிற்கும். மூக்கு லேசாக இருந்தால் காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு பக்கமே துடுப்புப் போட்டுத் தோள் விட்டுப்போகும். பின்காற்றுக்கு இதற்கு நேர் எதிர்.

தீ மூட்டுவதற்கு நம்மிடம் இருக்கிற மாதிரிச் சாமான் வேறு யாரிடமும் இல்லை: சூடம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தப் பூசைச் சாமான் கடையிலும் கிடைக்கும், ஈர விறகின் அடியில் இரண்டு வில்லை வைத்தால் சுள்ளி காய்ந்து பற்றுகிறவரை நின்று எரியும், தண்ணீர் பட்டாலும் துடைத்துவிட்டுப் பற்றவைக்கலாம். ஆனால் சூடம் காற்றுப் பட்டால் கரைந்து காணாமல் போய்விடும், அதனால் இறுக மூடுகிற சின்ன டப்பாவில் போடுங்கள், அம்மா பூசை அறையில் செய்கிற மாதிரி நாலு மிளகையும் சேர்த்து. சாப்பாட்டுப் பையில் வைக்கவே கூடாது. வாசனை அரிசியில் ஏறும் என்பது ஒரு பக்கம், அதைத் தின்றால் விஷம் என்பது இன்னொரு பக்கம், பிள்ளைகள் கூட வந்தால் இன்னும் கவனம்.

தோட்டத்தில் வளர்ந்த என் அப்பா அடுப்புப் பற்றவைக்க ஒட்டுப்பாலைத்தான் சொல்வார். காய்ந்த ரப்பர் மழையிலும் எரியும். இப்போது ஒட்டுப்பாலுக்கு எங்கே போவது, அதற்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டிக் கொண்டுபோகிறேன். எரியும்போது கறுப்புப் புகை வரும், அது அடங்கிய பிறகு பானையை ஏற்றுங்கள். அதே டியூபைக் குறுக்கே வளையமாக வெட்டினால் கெட்டியான ரப்பர் பட்டை, கயிறு சுருட்ட, பை வாய் கட்ட, துடுப்பைப் படகோடு நிறுத்த எல்லாவற்றுக்கும் ஆகும். விறகுக்குத் தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள், அது ஊறியிருக்கும். தரையைத் தொடாமல் சாய்ந்து நிற்கிற காய்ந்த கிளையைப் பாராங்கால் பிளந்தால் உள்ளே காய்ந்த நடுக்கட்டை இருக்கும். தீ மூட்ட அனுமதி உண்டா என்று இடத்துக்கு இடம் கேட்டுக்கொள்ளுங்கள், கூடாது என்றால் சின்ன கேஸ் அடுப்புதான்.

கரை சேர்ந்ததும் முதலில் கட்டுவது தார்ப்பாய், மறுநாள் கடைசியில் அவிழ்ப்பதும் அதுதான். அதன் கீழே நின்றுகொண்டு மற்றதை நிதானமாகச் செய்யலாம். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி அதன்மேல் பாயைப் போடுங்கள். இழுத்துக் கட்ட ஒரு வழி இருக்கிறது: கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு, நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துப் பின்னால் இழுங்கள், கப்பியில் இழுக்கிற மாதிரி விறைப்பாகிவிடும், அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு முடிச்சு. லாரியில் சுமை கட்டுகிறவர்கள் செய்வது இதுதான், வீட்டுக் கொடிக்கயிற்றில் நாலு தடவை பழகினால் கை தானாகச் செய்யும். ராஃபியா என்கிற பிளாஸ்டிக் நாடாக் கயிற்றை இதற்கு நம்பாதீர்கள், அது துணி காயப்போட மட்டும். தொங்கு படுக்கையில் தூங்குகிறவர்கள் தலைமாட்டுக் கயிற்றிலும் கால்மாட்டுக் கயிற்றிலும் ஒரு சாண் நூல் துண்டைத் தொங்கவிடுங்கள். மழைத் தண்ணீர் கயிறு வழியாக ஓடி வந்து அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது.

இடம் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமோ முறிந்து தொங்குகிற கிளையோ இருந்தால் எவ்வளவு அழகான கரையானாலும் வேண்டாம். அப்புறம் தண்ணீர். ஆற்றங்கரை என்றால் மலையில் பெய்கிற மழை உங்களுக்குத் தெரியாமலே கீழே வரும், மலாயில் கெபாலா ஆயிர் என்கிறார்களே அதுதான். தண்ணீர் திடீரென்று கலங்கி இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள், சாமானை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் எப்போதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவைப்பேன், படுக்கப் போகும்போது பார்ப்பேன், இடையில் எழுந்தாலும் விளக்கடித்துப் பார்ப்பேன். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் எல்லாரையும் எழுப்புவேன். படகை மேலே இழுத்து, கவிழ்த்துப் போட்டு, மரத்தோடு கட்டுங்கள். ராத்திரியில் படகு போய்விட்டால் நடந்து வெளியே வர வழி கிடையாது.

பிற்பகலில்தான் இங்கே இடி மழை அதிகம், அதனால் காலை ஏழுக்குத் துடுப்பை எடுத்து மதியம் இரண்டுக்குள் கரை சேர்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் தண்ணீரில் இருக்கக் கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப இறங்கவும் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், கிழக்குப் பக்கம் கென்யிர் மாதிரி ஏரிகளை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவையுங்கள், நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். பெரா ஏரித் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும், இலைச்சாறு ஊறிய நிறம் அது, கொதித்தாலும் போகாது. கலங்கல் இருந்தால் முதலில் கைலித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கைலி என்றதும் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். துணி மாற்ற மறைப்பு, போர்வை, துண்டு, வெயிலுக்குத் தலைப்பாகை, கை அடிபட்டால் தொங்கவிடக் கட்டு எல்லாம் அதுவே. சீக்கிரம் காயும், பையில் இடம் பிடிக்காது.

அட்டைக்கு உப்பு. சின்னத் துணி முடிச்சில் உப்பைக் கட்டி நனைத்து ஒரு குச்சி நுனியில் வைத்துக்கொண்டால் தொட்டதும் கடித்திருக்கிற அட்டை விழுந்துவிடும். குரங்கு வருகிற கரையில் ஜிப் போட்ட கூடாரம் ஒரு தடையே இல்லை, சாப்பாட்டை மூடியில் கொக்கி வைத்த வாளியில் போட்டு மூடிக் கயிற்றால் கட்டுங்கள். யானை நடமாடும் வட பேராக்கின் தெமெங்கோர் ஏரி, பெலும் காடு பக்கம் என்றால் வாழைப்பழம், பலாப்பழம் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் நீர்புகாப் பிளாஸ்டர் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் காட்டுத் தண்ணீரில் இருந்தேன் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். தண்ணீர் வழியாகத் தொற்றுகிற எலிக் காய்ச்சலை டெங்கி என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

எங்கே தொடங்குவது என்றால், முதலில் ஊருக்குள் பழகுங்கள். புத்ராஜெயா ஏரி மாதிரி ஆள் இருக்கிற இடத்தில் கவிழ்ந்து ஏறப் பழகுங்கள், கவிழாமல் பழகியது பழக்கம் இல்லை. அப்புறம் பெரா. கோலாலம்பூரிலிருந்து தெமெர்லோ போய்த் தெற்கே இறங்க வேண்டும், 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஏரி அது. தாழை இனத்து ரசாவ் புதர்களுக்கு நடுவே நீர்வழிகள் பிரிந்து பிரிந்து போகும், எல்லாம் ஒன்று போலவே தெரியும், அதனால் அங்கேயே வாழ்கிற செமெலாய் மக்களில் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த மரம் முறியும், எங்கே கரை ஏறலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், கொடுக்கிற கூலி வீண் போகாது. பினாங்கில் இருப்பவர்களுக்கு கெரிக் வழியாகத் தெமெங்கோர் கிட்டம். ராயல் பெலும் உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், பைகளை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்து உள்பூச்சு உரிந்துவிடும். கயிற்றை நல்ல தண்ணீரில் அலசித் தொங்கவிடுங்கள். விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். லைட்டரைப் பற்றவைத்துப் பார்த்து, சூட டப்பாவைத் திறந்து எத்தனை வில்லை மிச்சம் என்று எண்ணி, குறைந்திருந்தால் அடுத்த தடவை கடைக்குப் போகும்போது வாங்க வேண்டிய பட்டியலில் எழுதிவிடுங்கள்.