மலிவு ஷேவிங் ஜெல்லில் எரிச்சல் இல்லாமல் சவரம் செய்வது எப்படி?

தள்ளுபடிக் கடையில் பெயர் தெரியாத ஷேவிங் ஜெல்லைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, சந்தேகப்பட்டுத் திரும்ப வைத்துவிடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. நான் இப்போது பயன்படுத்துவது அப்படிப்பட்ட ஒரு ஜெல்தான். ஆரம்பத்தில் அது முகத்திலேயே காய்ந்தது, பிளேடு இழுத்தது, கழுத்து எரிந்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஏன் என்று தோண்டிப் பார்த்ததில், விஷயம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருந்தது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் குறைவாக உள்ள ஜெல் சீக்கிரம் உலர்கிறது. அந்தக் குறையைக் கையாலேயே ஈடுகட்டிவிடலாம்.

ரேசரைப் பிடிப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்கப் போவதில்லை. அது உங்களுக்கே வரும்.

படி 1: வாங்கும்போது கேனைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தில் எழுதியிருக்கும் ‘கூலிங்’, ‘சென்சிட்டிவ்’ எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியல்தான் முக்கியம். பொருள்கள் பொதுவாக அளவு அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்கும். முதலில் தண்ணீர் வரும். அடுத்து பால்மிடிக் அமிலம், ஸ்டியரிக் அமிலம், ட்ரைஎத்தனோலமைன் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவை சேர்ந்தால் சோப்பு, அவ்வளவுதான். நாம் தேடுவது கிளிசரின் அல்லது சார்பிட்டால். ஈரத்தைப் பிடித்து வைப்பவை இவைதான். பட்டியலின் முன்பாதியில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். வாசனைப் பொருளுக்கும் கீழே, கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் முன்வரிசையில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

மென்தால் பற்றி என் தனிப்பட்ட கருத்து: புது ஜெல்லைச் சோதிக்கும்போது மென்தால் இல்லாததே நல்லது. அந்தக் குளுகுளுப்பில், தோல் உண்மையிலேயே எரிகிறதா என்பது உடனே தெரியாது.

தள்ளுபடிக் கடைகளில் பழைய சரக்கு வருவதுண்டு. தேதியைப் பாருங்கள். அடிப்பக்கம் துருப்பிடித்த கேன், பொத்தானைச் சுற்றி ஜெல் கசிந்து காய்ந்த கேன் இரண்டும் வேண்டாம். அப்புறம், கேனின் உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் 100 மில்லிக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். சில நேரம் அடுத்த தட்டில் இருக்கும் பெரிய கம்பெனி ஜெல்லே லாபமாக இருக்கும்.

படி 2: கையில் சோதனை

முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி, சவரத்துக்கு ஆகும் நேரம் வரை வைத்துக் கழுவுங்கள். இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்த ஜெல் உங்களுக்கு ஆகாது. கீழே நான் சொல்லும் எந்த வித்தையும் அதைச் சரிசெய்யாது.

படி 3: முடியை ஊற வையுங்கள்

வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனையுங்கள். குளித்த கையோடு செய்தால் இன்னும் சுலபம். முடி தண்ணீரை உறிஞ்சி உப்பும், மென்மையாகும், பிளேடுக்கு எளிதில் இணங்கும். முடியை மென்மையாக்குவது முக்கியமாகத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக வழி செய்வதும் ஜெல்லின் வேலை.

முடிதானே என்று அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிளேடின் எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும், சில நிலைமைகளில் ஒரே ஒரு முடி பிளேடின் விளிம்பில் சில்லு பெயர்த்துவிடும் என்று நுண்ணோக்கியில் காட்டினார்கள்.

சோப்புப் போட்டு முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறவர்கள் உண்டு. வேண்டாம். தோலை ஏற்கெனவே வறட்டிவிட்டு, மேலே இன்னொரு சோப்பைத்தான் பூசப் போகிறீர்கள்.

படி 4: ஜெல்லைப் பூசுவது (இங்கேதான் எல்லாம் இருக்கிறது)

முதலில் கேனைக் குலுக்காதீர்கள். நுரையாகவே வரும் கேனைத்தான் குலுக்க வேண்டும். ஜெல் கேனில் பொதுவாக உள்ளே ஒரு பை இருக்கும். ஜெல் பைக்குள்ளும் அழுத்தும் வாயு பைக்கு வெளியிலும் இருக்கும். குலுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியே வந்த ஜெல் கொஞ்ச நேரத்தில் தானாக நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐசோபென்டேன் போன்ற பொருள் அதற்குள் கலந்திருக்கிறது. அது கிட்டத்தட்ட 28 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் தோலின் வெப்பம் அதைவிடக் கூடுதல். கையில் பட்டுத் தேய்த்ததும் குமிழ் குமிழாகக் கிளம்புவது அதனால்தான். 1970இல் அமெரிக்காவில் ‘எட்ஜ்’ என்ற பெயரில் இந்த வகை ஜெல் கடைக்கு வந்தபோது அது பெரிய புதுமை. இப்போது மிக மலிவான கேனிலும் அதே வித்தைதான்.

இந்த வித்தைதான் நம்மைக் கவிழ்ப்பதும். பழக்க தோஷத்தில் ஜெல்லை உள்ளங்கையில் எடுத்து இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்கிறோம். ஜெல் கையிலேயே நுரைத்து முடிந்துவிடுகிறது. முகத்துக்குப் போவது கெட்டியான, வெள்ளையான, அழகான நுரை. விளம்பரத்தில் வருவது போலவே இருக்கும். ஆனால் நுரையில் பெரும்பகுதி காற்றுதான். பிளேடுக்கு உதவுவது தோலை ஒட்டிப் படியும் மெல்லிய ஈரப்படலம். மேலே எவ்வளவு உயரத்துக்கு நுரை நின்றாலும் அடியில் அந்தப் படலம் இல்லையென்றால் உலர்ந்த தோலில்தான் பிளேடை இழுக்கிறீர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

முகம் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கட்டும். துண்டால் ஒற்றவே கூடாது. கோலிக்குண்டு அளவு ஜெல் போதும். அதை விரல் நுனிகளில் எடுத்து, நுரைப்பதற்கு முன்பே, ஜெல்லாக இருக்கும்போதே கன்னம், தாடை, கழுத்து என்று புள்ளி புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். பிறகு விரல்களைத் தண்ணீரில் நனைத்து, முடி வளரும் திசைக்கு எதிராக வட்டம் வட்டமாகத் தேயுங்கள். படுத்திருக்கும் முடி எழுந்து நிற்கும். அதன் அடிவரை ஜெல் போகும். நுரை கெட்டியாகும்போது மறுபடி விரலை நனைத்துத் தேயுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. நுரை வெள்ளை வெளேர் என்று இருந்தது கொஞ்சம் மங்கி, பளபளப்பு வர வேண்டும். அதுதான் பதம்.

பதம் சரியா என்று பார்க்க ஒரு விரலைக் கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். விரல் எங்காவது பிடித்து நின்றால் தண்ணீர் போதாது. ஜெல் கழுத்தில் ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது. கொஞ்சம் ஜெல் சேர்த்துக்கொள்ளலாம். தடை இல்லாமல் வழுக்கிப் போனால் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு ரேசரை எடுங்கள்.

சீக்கிரம் காய்கிற ஜெல் என்றால் முழு முகத்துக்கும் ஒரே நேரத்தில் பூசாதீர்கள். பாதி முகம் பூசி, சிரைத்து முடித்து, மறுபாதிக்குப் போங்கள். ஜெல்லும் மிச்சமாகும்.

படி 5: சிரைப்பது

முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்பதை உலர்ந்த முகத்தில் விரலால் தடவி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கன்னத்தில் குழப்பம் இருக்காது. கழுத்துதான் தொல்லை, ஒரு இடத்தில் கீழே, ஒரு இடத்தில் பக்கவாட்டில் என்று வளரும். முதல் தடவை, வளரும் திசையிலேயே. அழுத்தம் வேண்டாம், ரேசரின் கனமே போதும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை பிளேடைத் தண்ணீரில் அலசுங்கள். ஜெல் போன இடத்தில் ஒரு முடி தப்பித்துவிட்டது என்று வெறும் தோலில் மறுபடி இழுக்காதீர்கள். ஈர விரலால் அந்த இடத்தைத் தொட்டு, மிச்சமிருக்கும் ஜெல்லைத் தடவி, அப்புறம் இழுங்கள்.

எந்த ரேசர்? மலிவு ஜெல்லுக்கு, இரட்டை விளிம்பு பிளேடு போடும் பழைய பாணி சேஃப்டி ரேசர்தான் என் தேர்வு. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் ஜெல்லும் முடியும் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டு அலசிக்கொண்டே இருக்க வேண்டும். இரட்டை விளிம்பு பிளேடின் விலையும் குறைவு, தயங்காமல் மாற்றலாம். பலர் ஜெல்லைத் திட்டுகிறார்கள், குற்றவாளி மழுங்கிய பிளேடாக இருக்கும். ஐந்து முதல் ஏழு சவரத்துக்குள் பிளேடை மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம். எனக்கு அதற்கும் முன்பே மாற்றிவிடத் தோன்றும்.

படி 6: ஜெல் தேறியதா?

குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரமான படிகாரக் கட்டியை முகத்தில் தேயுங்கள். எங்கே சுரீர் என்கிறதோ அங்கே பிளேடு தோலைச் சுரண்டியிருக்கிறது. இதைவிட நேர்மையான விமர்சகர் கிடையாது. தினமும் ஒரே இடத்தில் சுரீர் என்றால் அது கை கோணம், அங்கே திசையை மாற்றிப் பாருங்கள். இடம் மாறி மாறி எரிந்தால் ஜெல் பூசியதில் ஈரம் போதவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் படிகாரத்தைக் கழுவிவிட்டு, வாசனை இல்லாத ஈரப்பதக் கிரீம் ஏதாவது போடுங்கள்.

பழைய ஜெல்லோடு ஒப்பிட வேண்டும் என்றால் வலது பாதிக்கு ஒன்று, இடது பாதிக்கு ஒன்று பூசுங்கள். அடுத்த முறை பக்கத்தை மாற்றிவிடுங்கள். வலது கைக்காரருக்கு ஒரு கன்னம் எப்போதும் சுலபம், மறு கன்னம் எப்போதும் கோணல். மாற்றாமல் ஒப்பிட்டால் சோதித்தது உங்கள் கையைத்தான், ஜெல்லை அல்ல. புது ஜெல்லையும் புது ரேசரையும் ஒரே நாளில் தொடங்குவதும் வேண்டாம். எது காரணம் என்று தெரியாமல் போகும். தீர்ப்பை உடனே சொல்லாமல் சாயங்காலம் வரை பொறுங்கள். சிவப்புப் புள்ளிகள் பல நேரம் தாமதமாகத்தான் வரும்.

பிற்சேர்க்கை: கேள்விகளில் வந்தவை

‘எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் திரிந்த மாதிரி ஆகிறது’ என்றார் ஒருவர். விசாரித்ததில் அவர் வீட்டில் வருவது உப்புத் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஜெல்லின் சோப்போடு சேர்ந்து, கரையாத படிவாக மாறிவிடும், நுரை நிற்காது. ஒரு குவளை ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரைத் தனியாக வைத்துக்கொண்டு, விரல் நனைப்பதற்கு மட்டும் பயன்படுத்தச் சொன்னேன். சரியாகிவிட்டதாம். பிளேடை அலச எந்தத் தண்ணீரும் போதும்.

டியூபில் வரும் ஜெல் நுரைக்கவே இல்லை, போலியா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. அது நுரைக்காத வகை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அடியில் முடி தெரியும். கிருதா, மீசை ஓரம் வெட்டுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. நுரைக்காக மேலும் மேலும் பிதுக்கினால் பிளேடு அடைத்துக்கொள்ளும். விரல் இழுத்துப் பார்க்கும் சோதனை இதற்கும் பொருந்தும்.

ஜெல்லுக்கு அடியில் எண்ணெய் தடவலாமா? நுரைக்கும் ஜெல்லுக்கு அடியில் வேண்டாம். எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். தரையிலும் வழுக்கும்.

காலுக்கும் அக்குளுக்கும் இதையே போடலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனியாக விற்பதில் நிறமும் வாசனையும் மாறுகிற அளவுக்கு உள்ளே இருப்பது மாறுவதில்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். அக்குளில் மட்டும் முடி பல திசையில் வளரும், அவசரப்படாதீர்கள்.

பொத்தானை விட்ட பிறகும் ஜெல் வந்துகொண்டே இருக்கிறதே என்றால், வாய்ப்பகுதியில் மிச்சமிருக்கும் ஜெல் நுரைத்துப் பொங்குகிறது. துடைத்துவிட்டு வையுங்கள், துடைக்காமல் விட்டால் காய்ந்து வாயை அடைக்கும். தகரக் கேனை ஈரத்திலேயே நிற்க வைத்தால் அடியில் துரு வளையம் விழும், கழுவும் தொட்டியிலும் கறை பதியும். கேனை வெயிலிலோ 50 டிகிரிக்கு மேல் சூடேறும் இடத்திலோ வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது.

கடைசியாக வந்த கேள்வி: அழுத்தினால் ஒன்றும் வரவில்லை, உள்ளே கொஞ்சம் இருக்கும், கேனை ஓட்டை போட்டு எடுக்கலாமா? கூடாது. பையில் இருக்கும் ஜெல் தீர்ந்தாலும் வெளியே இருக்கும் வாயு அழுத்தத்தோடு அப்படியேதான் இருக்கும். வாய்ப்பகுதியை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி அடைப்பை எடுத்துவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் தீர்ந்துவிட்டது.