மாடியில் மட்டும் நெட் வரவில்லையா?

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். ரௌட்டர் கீழே கூடத்தில், என் கம்ப்யூட்டர் மாடி அறையில். இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வழியாக வெளியே போய், சுவரை ஒட்டி மேலேறும் லேன் ஒயர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மக்கர் பண்ணும்.

நெட் நின்றதும் முதலில் மொபைலில் வைஃபை வருகிறதா என்று பாருங்கள். அதுவும் வராமல், ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) லைட் சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு ஃபைபர் சிக்னலே வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

வைஃபை வருகிறது, ஒயரில் மட்டும் இல்லை என்றால்தான் நம் வேலை. கம்ப்யூட்டரில் ஜாக் செருகும் இடத்தில் ஒரு குட்டி லைட் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் ரௌட்டர் பக்கம் பாருங்கள். அது எரியவில்லை என்றால் ஜாக், ஒயர், போர்ட் இவற்றில் ஏதோ ஒன்று. ஜாக்கைப் பிடுங்கி, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். அப்புறம் ரௌட்டரில் வேறு லேன் போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும் வான் (WAN) போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து நெட் உள்ளே வரும் போர்ட்டை, தொட வேண்டாம். அதற்கும் அசையவில்லையா, லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ஒரு மீட்டர் ஒயரில் நேரே இணையுங்கள். லைட் வந்தால் நீள ஒயர்தான் குற்றவாளி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

போன ஐப்பசி மழையில் எனக்கு வேறு மாதிரி ஆனது. 200 எம்பிபிஎஸ் பிளானில் 94-க்கு மேல் ஏறவில்லை. கஸ்டமர் கேரில் சண்டையே போட்டேன். தப்பு என் வீட்டில். லேன் ஒயருக்குள் 8 கம்பிகள், 4 ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். அதற்கு அடுத்த படியான ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் போர்ட் பெரும்பாலும் தானாகவே 100-க்கு இறங்கிவிடும். ஒரு வாரத்தில் நெட் மொத்தமாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஒயரைச் சேர்த்திருந்த ஜாயிண்டரைக் கழற்றினால், ஜாக்கின் பின்களில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றில் குத்துவிளக்கே கறுக்கிறது, மழையில் நனையும் ஜாக் தாங்குமா?

களிம்பைச் சுரண்டிப் பிரயோஜனமில்லை, நுனியை வெட்டிவிட்டுப் புது ஜாக் போடுங்கள். ஜாக்கை ஒயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் டூல் அவசியம். ஜாக்கின் பிளாஸ்டிக் நாக்கு கீழ்ப்பக்கம், ஒயர் நம்மைப் பார்க்க இருக்கட்டும். இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. ஜோடிக் கம்பிகளின் முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோலும் ஜாக்குக்குள் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் கையோடு வரும்.

ஜாயிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஒயராக இழுத்தேன். வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேளுங்கள். மலிவு ஒயரில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கத்தியால் சுரண்டினால் வெளுக்கும்.

லைட் எரிந்தும் நெட் இல்லையா? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். அதில் காட்டும் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. ரௌட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். முகவரி ஒழுங்காக இருந்து, அதே இடத்தில் 'ping 8.8.8.8' என்று கொடுத்தால் பதிலும் வந்து, வலைத்தளம் மட்டும் திறக்காவிட்டால், தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் (DNS) கோளாறு. டிஎன்எஸ் அமைப்பில் 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

இடி இடித்தால் ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது, லேன் ஜாக்கையும் இரண்டு பக்கமும் பிடுங்குங்கள். மின்னல் அதிர்ச்சி ஒயர் வழியாகவும் ஏறும். எங்கள் ரௌட்டரில் இரண்டாவது போர்ட் அப்படித்தான் போனது. மற்ற மூன்றும் வேலை செய்கின்றன. யாரும் மறந்து செருகிவிடக் கூடாதென்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன்.