கொலுசுக்கு டச், பற்பசைக்கு பிபிஎம்

என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்பாக ஒரு பட்டை இருக்கும். சேலம் மாவட்டத்தில் காடையாம்பட்டி தாண்டி ஒரு சிற்றூரில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பல் விளக்காதவன் என்று பெயர். செங்கல்பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று எதை எதையோ போட்டுத் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அது அழுக்கே இல்லை, ஈறுக்குள் பல் உருவாகும்போதே தண்ணீரில் அளவுக்கு மீறி இருந்த ஃப்ளோரைடு என்ற உப்பு செய்த வேலை என்று தெரியவர முப்பது வயதாகிவிட்டது. கல்யாண போட்டோக்கள் எதிலும் நான் வாய் திறந்து சிரித்திருக்க மாட்டேன்.

அதனால் மகள் பிறந்ததும் ஃப்ளோரைடு என்று எழுதிய எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். 'ஃப்ளோரைடு இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்த, ஸ்ட்ராபெரி வாசம் வீசும் ட்யூபாகத் தேடி வாங்கினேன். நாலரை வயதில் ஒரு நடு ராத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைவாயில் நான்கு பல் சொத்தை. ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியதாயிற்று. தூங்கும்போது சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்துப் பழக்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் பல் டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "உங்க பல்லக் கெடுத்தது தண்ணிங்க. பாப்பா பல்லக் காப்பாத்த வேண்டியது துளியூண்டு ஃப்ளோரைடு பேஸ்ட்டு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டீங்களே."

இப்போது சின்னவனுக்கு இரண்டு வயது, பெரியவளுக்கு ஏழு. என்னைப் போல பயந்துகொண்டு இருக்கும் அப்பா அம்மாக்களுக்காக, பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஓமலூர், மேச்சேரி, தருமபுரிப் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எனக்குத் தொழில் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. கொலுசு வாங்க வருகிற யாரும் டச் எவ்வளவு என்று கேட்காமல் வாங்குவதில்லை. நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதுதான் டச். 80 டச் என்றால் நூறில் எண்பது. பற்பசை ட்யூபில் பிபிஎம் என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கும், அதுவும் இதே கணக்குதான். நூறுக்குப் பதில் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு பேஸ்ட்டில் ஆயிரம் பங்கு ஃப்ளோரைடு. நம் தராசுக் கணக்கில், ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம்.

நம் நாட்டு விதிப்படி பற்பசையில் 1000 பிபிஎம்முக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதையும் காலாவதித் தேதியையும் ட்யூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சடித்திருக்க வேண்டும். எழுத்து பொடிசாகத்தான் இருக்கும். கடையில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். சோடியம் ஃப்ளோரைடு, சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் இரண்டில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி, நமக்கு வேண்டியது எண். சொத்தையைத் தடுக்கும் என்று நன்றாக நிரூபணமானது 1000 பிபிஎம்மும் அதற்கு மேலும்தான். பொம்மை போட்ட குழந்தைப் பேஸ்ட் பலவற்றில் 500 அல்லது அதற்கும் கீழேதான் இருக்கும், சிலவற்றில் சுத்தமாக இருக்காது. துபாயில் இருக்கிற மாமா கொண்டுவரும் ட்யூபில் 1450 என்று போட்டிருக்கலாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதை டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ட்யூபின் அடியில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதற்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இல்லை. ட்யூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டுகிற குறி அது. பச்சை என்றால் மூலிகை என்று நம்பி என் அம்மா இரண்டு வருஷம் பச்சைக் கட்டமாகப் பார்த்து வாங்கினார். பல் வெண்மைக்கு என்று விற்பது பிள்ளைகளுக்கு ஆகாது. பல்பொடியும் வேண்டாம், அதில் அளவு கைக்கு வராது. பெரியவர்கள் பேஸ்ட்டே 1000 இருந்தால் போதும், புதினா காரம் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் தனி ட்யூப் தேவையில்லை. மிட்டாய் வாசம் வீசுவதை மட்டும் நான் தவிர்க்கிறேன், பிள்ளை அதைத் தின்னத்தான் பார்க்கும்.

இனி அளவு. ஒரு நாள் பேஸ்ட்டைப் பட்டறைக்கு எடுத்துப்போய் 10 மில்லிகிராம் வரை காட்டுகிற தராசில் வைத்துப் பார்த்தேன். விளம்பரத்தில் வருவதுபோல பிரஷ் நீளத்துக்கு அலையாக வைத்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேலே காட்டியது. மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு டாக்டர்கள் சொல்வது ஒரு அரிசி அளவு, அதாவது 0.1 கிராம். பச்சரிசி மணியை விட வெந்த சோற்றுப் பருக்கைதான் இதற்குச் சரியான அடையாளம். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, 0.25 கிராம். பட்டாணி என்றால் சுண்டலுக்கு ஊறிப் பருத்த பட்டாணி இல்லை, ஊறப் போடுவதற்கு முந்தைய காய்ந்த பட்டாணி. ஆக, வீட்டில் நாங்கள் வழக்கமாக வைத்தது பட்டாணி அளவைப் போல நாலு மடங்கு, பருக்கை அளவைப் போலப் பத்து மடங்கு.

பேஸ்ட்டை எப்போதும் பெரியவர்கள்தான் வைக்க வேண்டும். பிரஷின் குறுக்கே வைத்து, விரலால் முடிக்குள் அழுத்திவிடுங்கள். மேலே கட்டியாக நின்றால் பிள்ளை முதல் வாயிலேயே நக்கிவிடும். முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே தொடங்கலாம்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. எங்கள் மாவட்டத்திலும் தருமபுரியிலும் பாறைக்குள் இறங்கிய போர் பலவற்றில் இதைத் தாண்டும். கணக்குப் பாருங்கள். 1.5 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தால் 1.5 மில்லிகிராமும் வயிற்றுக்குள்தான் போகிறது. பருக்கை அளவு பேஸ்ட்டைப் பிள்ளை மொத்தமாக விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான். பதினைந்து மடங்கு வித்தியாசம். நான் பயந்திருக்க வேண்டியது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்தக் கேடு நேற்று வந்ததும் இல்லை. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கம் இதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீர் கொண்டுபோன திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான்.

சேலம் டவுனுக்குள் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. போர்த் தண்ணீர் குடித்தால் ஒரு தடவையாவது பரிசோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் பரிசோதனைக்கூடம் உண்டு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்ஓ வடிகட்டி பெரும்பகுதியை எடுத்துவிடும். பரிசோதனையில் 1.5-க்கு மேல் வந்தால் முதலில் குடிக்கிற, சமைக்கிற தண்ணீரை மாற்றுங்கள். அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுபோய், ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் கேளுங்கள். முன்பற்களில் என்னைப் போலப் பட்டை விழுவது அந்தப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான், அதிலும் முதல் மூன்று வயதில் கவனம் கூடுதலாக வேண்டும். எட்டு வயதுக்குப் பிறகு முன்பற்களுக்கு அந்தப் பயம் இல்லை.

விளக்கும் முறை சுருக்கமாக. காலை ஒன்று, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒன்று. ராத்திரி விளக்குவதை ஒருநாளும் விடாதீர்கள், தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைவதால் சொத்தைக்கு அதுதான் வசதியான நேரம். பிள்ளையை உங்களுக்கு முதுகு காட்டி நிறுத்தி, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு விளக்கினால் உள்பல் எல்லாம் தெரியும். இரண்டு நிமிஷம். ஏழு எட்டு வயது வரை நாம்தான் விளக்கிவிட வேண்டும். ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல், பால்பல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

விளக்கி முடித்ததும் துப்பச் சொல்லுங்கள். செம்புத் தண்ணீரை ஊற்றி மூன்று தடவை கொப்பளிக்கிறது நம் வீட்டுப் பழக்கம். என் அம்மாவுக்கு இதை மாற்றவே மனசில்லை: "வாய் கொப்பளிக்காம எப்படிடா சாமி?" கொப்பளித்தால் பல்லில் நின்று வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடு சாக்கடைக்குப் போய்விடும். துப்பினால் போதும். துப்பத் தெரியாத சின்னதுக்கு ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுகிறோம். துப்பப் பழக்க, குளிக்கும்போது வெறும் தண்ணீரை வாயில் வைத்துக் குறி பார்த்துத் துப்பச் சொல்லிக்கொடுத்தேன். பெரியவள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள்.

பட்டறையில் திராவகம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, வீட்டில் ட்யூபும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டும், ஒரு டம்ளர் பால் கொடுங்கள், பாலில் உள்ள கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் உள்ளே போனால் அது ஆஸ்பத்திரி சமாசாரம். 10 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம், அதாவது 1000 பிபிஎம் பேஸ்ட் 50 கிராம், ஒரு சின்ன ட்யூப் முழுக்க. அந்த அளவு போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐக் கூப்பிடுங்கள். ட்யூபையும் கையோடு எடுத்துப்போங்கள். அதனால்தான் வீட்டில் பெரிய ட்யூப் வாங்குவதில்லை.

புது ட்யூப் திறக்கும் அன்று அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதிவைப்பேன். பட்டாணி அளவு இரண்டு வேளைக்கு அரை கிராம், ஆக 50 கிராம் ட்யூப் ஒரு பிள்ளைக்கு நூறு நாள் வர வேண்டும். போன தடவை பெரியவளின் ட்யூப் அறுபதாவது நாளே தட்டையாகிவிட்டது. யாரும் தின்னவில்லை. என் அம்மாதான், பிள்ளைக்குப் போதாதே என்று பாசத்தில் பிரஷ் நீளத்துக்கு வைத்துக்கொண்டிருந்தார். இப்போது குளியலறை ஜன்னல் ஓரத்தில் ஒரு காய்ந்த பட்டாணியை டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன், அவர் பார்த்து அளந்து வைக்க.