ஒரு சொல் மனதில் பதிய எப்படிச் சொல்லித்தருவது

படம் போட்ட அட்டையைக் காட்டுகிறோம், குழந்தை 'மழை' என்கிறது, உடனே கைதட்டுகிறோம். ஆனால் அது படித்தது படத்தைத்தான். படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எழுத்து தோன்றியே சுமார் 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன, அதனால் படிப்பதற்கென்று பிறவியிலேயே மூளையில் தனி இடம் கிடையாது. உருவங்களை அடையாளம் காணும் பகுதியில் ஒரு சின்ன இடம், பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையின் பின்புற அடியில், படிக்கப் படிக்க எழுத்துக்குப் பழகிக்கொள்கிறது. 1892-ல் டெஜெரின் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்: இடப்பக்க மூளையின் பின்புறத்தைப் பாதித்த பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் எழுத முடிந்தது, ஆனால் தான் எழுதியதையே படிக்க முடியவில்லை! எழுத்துக்குப் பழகிய அந்த இடத்துக்கு எழுத்து போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, அங்கிருந்து ஒலிக்கும் பொருளுக்கும் வழி போட வேண்டும். நாம் சொல்லித்தருவது அந்த வழியைத்தான்.

சரி, 'மழை'யையே எடுத்துக்கொள்வோம். முதலில் எழுத்தைக் காட்டாமல் சொல்லை வாயால் சொல்ல வையுங்கள்: ம, ழை. அப்புறம் எழுதிக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒலியோடு சேருங்கள். 'ழை'யில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ 'ழ்'க்குப் பிறகு வருகிறது, புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பிறகு தாளை மூடிவிட்டுப் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் முழுச் சொல்லையும் அடிக்காதீர்கள், தவறிய எழுத்தை மட்டும் ஒலியோடு காட்டுங்கள். பக்கத்திலேயே 'மலை' என்று எழுதி இரண்டையும் சொல்ல வைத்தால், நாக்கு மடங்குவதும் எழுத்து மாறுவதும் பொருள் மாறுவதும் ஒரே நேரத்தில் பிடிபடும். எனக்குத் தெரிந்து இதற்கு ஈடான பயிற்சி இல்லை.

படிக்கும்போது திணறினால் "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊகிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கண் எழுத்துக்குள் போகாது. எழுத்துக்கூட்டட்டும், காத்திருங்கள். மறுநாளும் சில நாள் கழித்தும் அதே சொல்லை வேறு வாக்கியத்தில் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் இருபது தடவை எழுதவைப்பதைவிட அது நன்றாக நிற்கும்.

சில குழந்தைகளுக்கு நாலைந்து தடவையில் பதியும், டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, உள்ளவர்களுக்குப் பல மடங்கு தேவைப்படும். அது சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. மாதக்கணக்கில் பழகியும் எழுத்தும் ஒலியும் சேரவில்லை என்றால் திட்டாமல், தள்ளிப்போடாமல், கற்றல் குறைபாட்டுக்கான நிபுணரிடம் அழைத்துப் போங்கள்.