லின்ஷோப்பிங்கிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை: நம் வீட்டுக் கொடிவழியை வரையும் முறை

ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் 2004 அக்டோபரில் ஒரு காலை வேளையில் எட்டு வயதுச் சிறுவனும் 56 வயதுப் பெண்மணியும் தெருவிலேயே குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளியின் மரபணு காவல்துறையின் கையில் இருந்தது. 6,000க்கும் மேற்பட்டோரின் மாதிரிகளைச் சோதித்தும் ஆள் அகப்படவில்லை. ஏறத்தாழ 16 ஆண்டுகள் கழித்து, 2020இல், பீட்டர் ஷோலுண்ட் என்ற வம்சாவளி ஆய்வாளரின் உதவியால் வழக்குக்கு விடை கிடைத்தது. அதைத் தழுவி நெட்ஃபிளிக்ஸில் 2025 ஜனவரியில் நான்கு பகுதிகளாக வந்த ‘தி பிரேக்த்ரூ’ தொடரைப் பார்த்து முடித்த இரவே, புதுச்சேரியில் இருக்கும் என் அத்தை மகன் தொலைபேசியில் அழைத்து, நம் குடும்பத்துக்கும் இப்படி ஒரு வம்சாவளி மரம் வரைய முடியுமா என்று கேட்டான். முடியும். இரண்டு ஆண்டுகளாகக் கடலூரில் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால், கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆய்வின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். மரபணுத் தரவுத்தளம் கொலையாளியின் பெயரைச் சொல்லவில்லை. அவனுக்குத் தூரத்து உறவான சிலரை மட்டுமே காட்டியது. அவர்களுக்குப் பொதுவான முன்னோரைத் தேடித் தலைமுறை தலைமுறையாக மேலே ஏறி, பிறகு அந்த முன்னோரின் மக்கள், பேரர், கொள்ளுப்பேரர் என்று எல்லாக் கிளைகளிலும் கீழே இறங்கி வந்ததில், கடைசியில் இரண்டு சகோதரர்கள் மிஞ்சினர். அவர்களில் ஒருவனுடைய மரபணு பொருந்தியது. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் முதல் ஊர்தோறும் குருமார் எழுதிவைத்த பதிவேடுகள் இல்லாமல் அந்த இறக்கம் நடந்திருக்காது. நாமோ பெரும்பாலும் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒரே கோட்டில் ஏறி அங்கேயே நின்றுவிடுகிறோம். அப்படி வரைந்தால் கிடைப்பது ஒற்றைக் கம்பம்தான். ஏறிய ஒவ்வொரு படியிலும் உடன்பிறந்தவர்களையும், அவர்களில் பெண்கள் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பதையும் எழுதினால்தான் கிளை விரியும்.

வீட்டில் மூத்த பெண்களிடமிருந்து தொடங்குங்கள். ஆண்டைக் கேட்டால் விடை வராது. யாருடைய கல்யாணத்துக்குப் பிறகு, எந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது, புதுச்சேரிக்காரர் என்றால் பிரெஞ்சுக்காரர் போவதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். ஆட்சி கைமாறிய நாள் 1954 நவம்பர் 1 என்பதால், அந்த ஒரு விடையே பத்துப் பதினைந்து ஆண்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதால், ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் மனைவியின் பிறந்த ஊரைச் சேர்த்து, ‘புவனகிரியில் பெண்ணெடுத்தவர்’, ‘பாகூரில் பெண்ணெடுத்தவர்’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காகிதம். மொய் நோட்டில் ஊரும் பெயரும் சேர்ந்தே இருக்கும். கருமாதிப் பத்திரிகையில் பங்காளிகள் வரிசையாக வருவார்கள். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, பிரிந்து போன குடும்பங்களையும் விடாமல் வைத்திருக்கும். இவை எல்லாவற்றையும்விட உயர்ந்தது பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது என் முடிவு. திருப்பாதிரிப்புலியூரில் அத்தையின் தகரப் பெட்டியில், மடிப்புகளில் இற்றுப்போன ஒரு பத்திரம் கிடைத்தது. அதில் பாகஸ்தர் நால்வரின் பெயரும், ஒவ்வொருவருக்கும் தகப்பனார் பெயரும், அவர்களோடு ஜீவனாம்சத்துக்கு அரைக்காணி ஒதுக்கப்பட்ட ஒரு விதவையின் பெயரும் இருந்தன. வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நான்கெல்லை விவரத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்: ‘இன்னார் புஞ்செய்க்கு மேற்கு’ என்ற இடத்தில் வரும் இன்னார், முந்தைய பிரிவினையில் அதே நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட பங்காளியாகவே பலமுறை இருப்பார். எங்கள் மரத்தில் ஒரு முழுக் கிளை அந்த ஒரு வரியிலிருந்துதான் முளைத்தது. பத்திரம் வீட்டில் இல்லையென்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நகல் வாங்கலாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு வேறொரு வசதி உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் பழையவற்றை, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் தன் இணையதளத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது. ஒரு பிறப்புப் பதிவிலேயே தாய், தந்தை பெயரோடு சாட்சிகளின் பெயரும் வயதும் கிடைப்பதுண்டு. சாட்சியாக வந்தவர் தாய்மாமனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கக்கூடும். தேடும்போது பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் நினைவில் இருக்கட்டும்: உகர ஓசைக்கு அவர்கள் ஓ, யூ (ou) என்ற இரண்டு எழுத்துகளை இடுவார்கள் என்பதால், முருகனையும் சுப்பராயனையும் ஆங்கில முறைப்படி தேடினால் கிடைக்காது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் நிலையான குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டனர். அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்வது எளிது.

மரபணுச் சோதனை செய்ய விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளோடு சராசரியாக 12.5 விழுக்காடும், அவர்களுக்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தமக்குள் சுமார் 3 விழுக்காடும் மரபணுவைப் பகிர்வார்கள் என்பது, உறவுக்குள் மணம் செய்யாத குடும்பங்களுக்கான கணக்கு. நம் பக்கத்தில் அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் தலைமுறைகளாக இருந்ததால், ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்வார். தூரத்து உறவினரும் நெருங்கியவர் போலத் தெரிவார். எண்ணை நம்பி உறவுமுறையை எழுதிவிடாமல், பத்திரமோ பதிவோ உறுதிசெய்யும் வரை அந்தக் கோட்டைப் புள்ளியிட்டே வையுங்கள்.

நீங்கள் ஒருவர் எச்சில் மாதிரி கொடுத்தால் உங்கள் உடன்பிறந்தாரும் பங்காளிகளும் அதில் ஓரளவு வெளிப்பட்டுவிடுகிறார்கள். மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறை மசோதா 2019இல் மக்களவையில் அறிமுகமாகி 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது நம் பொறுப்பாகவே இருக்கிறது. தத்துப் பிள்ளையோ இன்னொரு குடும்பமோ தெரியவந்தால், சம்பந்தப்பட்டவர் உயிரோடிருக்கும்வரை அதை வரைபடத்தில் ஏற்றாதீர்கள். அத்தை அந்த விதவையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று சந்திப்புகள் ஆயின.

தாளைக் கண்டதும் அந்த இடத்திலேயே படமெடுத்துவிடுங்கள். 2004 சுனாமியும், 2011 தானே புயலும், 2015 வெள்ளமும் இந்தக் கரையில் எத்தனையோ தகரப் பெட்டிகளை நனைத்திருக்கின்றன. பத்திரத்தை மேசையில் விரித்து, சன்னல் வெளிச்சத்தில், முத்திரைத்தாளின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பதிவு எண்ணும் ஆண்டும், எங்கள் பத்திரத்தில் இருந்தது போல, அங்கேதான் இருக்கும்.