சைமா ஏரிக்கரையில் ஒரு வாரம்: கேபின் எடுப்பது முதல் சாவியைத் திருப்பிக் கொடுப்பது வரை

பின்லாந்தின் தென்கிழக்கில் இருக்கிறது சைமா. பெயர்தான் ஓர் ஏரி. உண்மையில் குறுகிய நீரிணைகளால் கோத்துக் கிடக்கும் பல ஏரிகளின் கூட்டம். பரப்பு ஏறக்குறைய 4,400 சதுர கிலோமீட்டர். உள்ளே ஆயிரக்கணக்கான தீவுகள், சுற்றிலும் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் காடு. இத்தனை தண்ணீரும் கடைசியில் இமத்ரா ஊர்ப்பக்கம் வுவோக்சி ஆறாக வெளியேறி ரஷ்யாவின் லடோகா ஏரிக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தக் கரைகளில் மரக் கேபின்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஹோட்டல் அறை எடுக்கிற நினைப்பில் பதிவு செய்தால் போன அன்றே திணறிப்போவீர்கள். வரவேற்பறை கிடையாது, அறையைச் சுத்தம் செய்ய ஆள் வராது. விறகு, குப்பை, சில இடங்களில் குடிதண்ணீர்கூட உங்கள் பொறுப்பு. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: வீட்டை அப்புறம் பாருங்கள், தண்ணீரை முதலில் பாருங்கள்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏரி பனிக்கட்டியிலிருந்து விடுபடவே பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் ஆகிவிடும். ஜூனில் இரவு முழுதாக இருட்டாது. கண்ணை மறைக்கும் துணிப்பட்டை இல்லாமல் தூக்கம் வராது. கொசுவும் அப்போதுதான் உச்சம். ஜூன் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும் சனிக்கிழமை பின்லாந்துக்காரர்களின் நடுக்கோடை விழா. நாடே ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடும், பேருந்துகள் குறையும், கடை நேரங்கள் மாறும். அந்த வார இறுதியில் போய் இறங்காதீர்கள்.

ஜூலையில் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் பின்லாந்துக்காரர்கள் விடுமுறை எடுக்கும் மாதமும் அதுதான். சைமா கரை ஊரான சவோன்லின்னாவில், 1475-இல் கட்டத் தொடங்கிய ஒலாவின்லின்னா கோட்டைக்குள் ஒப்பரா எனும் இசை நாடக விழாவும் அப்போதே நடப்பதால் அந்த வட்டாரத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும்.

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஆகஸ்ட் பிற்பாதி. பள்ளிகள் திறந்திருக்கும், கேபின்கள் காலியாகும், கொசு தணிந்திருக்கும், காட்டில் பெர்ரி பழுத்திருக்கும். இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க ஆசை என்றால் செப்டம்பர். ஆனால் ஏரியில் இறங்கத் துணிச்சல் வேண்டும்.

விசா தேவைப்படுகிறவர்கள், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கேபின் முன்பதிவை ரத்து செய்யும் விதிகளைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 2: எந்தக் கரை?

ஹெல்சிங்கியிலிருந்து லப்பேன்ரந்தாவுக்கும் இமத்ராவுக்கும் நேரடி ரயில் உண்டு. சவோன்லின்னா போக பாரிக்கலாவில் ரயில் மாற வேண்டும். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இந்த ஊர்களை ஒட்டியே கேபின் தேடுங்கள். கார் எடுப்பவர்களுக்கு ஏரியின் எந்த மூலையும் திறந்திருக்கிறது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம். விடியலிலும் அந்தி நேரத்திலும் மூஸ் மான்கள் சாலையைக் கடக்கும். எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒன்று கடந்துபோனால் பின்னாலேயே இன்னொன்று வரலாம்.

படி 3: விளம்பரத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். படங்கள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சேதி வசதிகள் பட்டியலில் இருக்கிறது.

குழாயில் வருவது குடிக்கும் தண்ணீரா, ஏரித் தண்ணீரா? பல கேபின்களில் கழுவவும் குளிக்கவும் ஏரித் தண்ணீர், குடிக்க மட்டும் கேனில் கொண்டுபோக வேண்டும் அல்லது கிணற்றில் இறைக்க வேண்டும். ஷவர் இருக்கிறதா, அல்லது சவுனாவில் (அடுப்பால் கற்களைச் சூடேற்றும் வெப்பக் குளியலறை) வாளித் தண்ணீரில்தான் குளியலா? கழிவறை உள்ளேயா, முப்பதடி தள்ளித் தனிக் கொட்டகையா? தனிக் கொட்டகை என்றால் பெரும்பாலும் உலர் கழிவறை: தண்ணீர் ஊற்றக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பக்கத்து வாளியில் இருக்கும் கரித்தூள் போன்ற பீட் மண்ணையோ மரத்தூளையோ ஒரு கரண்டி தூவ வேண்டும். தூவினால் நாற்றமே இருக்காது. வயதானவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்கும்.

அடுத்தது கரை. மணலா, பாறையா, நாணலா? குழந்தைகளுக்கு ஆழம் மெல்ல மெல்லக் கூடும் மணற்கரை வேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்குப் படகுத்துறையிலிருந்து நேரே ஆழத்தில் இறங்கும் பாறைக்கரை இன்பம். கரை தனியா, பக்கத்துக் கேபினோடு பொதுவா என்றும் கேளுங்கள்.

பிறகு மின்சாரம் உண்டா, கார் வாசல் வரை போகுமா, படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் அடங்குமா, கடைசிச் சுத்தம் யார் பொறுப்பு, விறகு எவ்வளவு. கோடையில் பல இடங்கள் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் கொடுப்பார்கள். விளம்பரத்தில் இல்லாததை உரிமையாளருக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். எழுத்தில் பதில் வாங்குவதுதான் பாதுகாப்பு.

படி 4: மூட்டை

கம்பளி ஸ்வெட்டர், மழைச்சட்டை, ரப்பர் பூட்ஸ், கொசு மருந்து, நெற்றி விளக்கு, முதலுதவிப் பெட்டி. நுனி கூர்மையான ஒரு இடுக்கி கட்டாயம், காரணம் கீழே வருகிறது. மளிகையை வழியில் உள்ள பெரிய ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 5: முதல் நாள் மாலை சவுனா

விறகு சவுனாவைப் பதறாமல் செய்தால் எளிது. புகைபோக்கியில் இழுத்து மூடும் ஒரு தகடு இருக்கும்; தீ மூட்டுவதற்கு முன் அது முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுப்போடு சேர்ந்து வெந்நீர்த் தொட்டி இருந்தால், தண்ணீர் நிரப்பிய பிறகுதான் தீ வைக்க வேண்டும். காய்ந்த தொட்டியின் கீழ் தீ எரிந்தால் தொட்டி பாழ். பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டையைச் சிறிது உரித்துப் பற்றவையுங்கள், ஈரமாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். கற்கள் நன்றாகச் சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கவனமாகக் கேளுங்கள்: தணல் முழுதாக அணையாமல் அந்தத் தகட்டை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, உயிரை எடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் இரவு முழுக்கத் திறந்தே கிடக்கட்டும்.

குளிக்கும்போது சோப்பையும் ஷாம்புவையும் ஏரியில் கலக்காதீர்கள். நுரையைக் கரைக்கு மேலே மண்ணில் ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு ஏரியில் குதியுங்கள்.

படி 6: ஏரியும் காடும்

பின்லாந்தில் எவருடைய காட்டிலும் நடக்கலாம், பெர்ரியும் காளானும் பறிக்கலாம். வீட்டு முற்றத்தையும் பயிரையும் விட்டு விலகியிருந்தால் போதும். பில்பெர்ரி ஜூலை கடைசியிலிருந்து, சிவப்பு லிங்கன்பெர்ரி செப்டம்பரில். அடையாளம் உறுதியாகத் தெரியாத காளானைத் தொடாதீர்கள். நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் திறந்தவெளியில் தீ மூட்டக் கூடாது. காட்டுத்தீ எச்சரிக்கை அமலில் இருந்தால் அனுமதி இருந்தாலும் கூடாது.

நூலைச் சுற்றும் சுருள் (ரீல்) இல்லாத சாதாரணத் தூண்டிலில் மீன் பிடிக்க யாருக்கும் கட்டணம் இல்லை. சுருள் தூண்டில் என்றால் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் அரசு மீன்வளக் கட்டணம் கட்ட வேண்டும். வலசை மீன்கள் ஏறும் ஆற்று விரைவோட்டங்களில் அந்த இலவச உரிமை செல்லாது, தனி அனுமதிச் சீட்டு தேவை.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத சைமா வளையச் சீல் என்னும் நீர்வாழ் பாலூட்டி இந்த ஏரியில் வாழ்கிறது. பனியுகத்துக்குப் பின் நிலம் உயர்ந்து கடலிலிருந்து துண்டிக்கப்பட்ட இனம். 1980-களில் இருநூறுக்கும் கீழே இறங்கியது; இப்போது நானூறைத் தாண்டியிருக்கிறது. அதைக் காப்பாற்றவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை அது வாழும் பகுதிகளில் வலை வீசத் தடை உண்டு. மே மாதத்தில் பாறை மேல் வெயில் காயும். கண்டால் துடுப்பை நிறுத்தி எட்ட நின்றே பாருங்கள். மோட்டார் படகுக்கு அனுமதி இல்லாத கொலோவெசி தேசியப் பூங்கா இதற்கு அருமையான இடம்.

வெயிலும் காற்றில்லாத நாளும் சேர்ந்தால், நச்சாக இருக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி வரலாம். தண்ணீரில் பச்சைப் படலம் கண்டால் ஒரு குச்சியால் தொடுங்கள்: குச்சியில் நாராக ஒட்டி வந்தால் வேறு பாசி, தூள் தூளாகக் கலைந்தால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு ஒரு மணி நேரம் வையுங்கள். பச்சைத் துகள் மேலே வந்து மிதந்தால் அன்று யாரும் இறங்க வேண்டாம். சவுனாவிலும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

துடுப்புப் படகில் ஏறும் முன் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். குழந்தைக்குச் சரியான அளவு இருக்கிறதா என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

உயரப் புல்லில் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே உடம்பு முழுக்க உண்ணி தேடுங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுக்குப் பின்னால். லைம் நோயையும் மூளை அழற்சியையும் அது பரப்பும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேரே இழுத்தெடுங்கள். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள். விஷப்பாம்பு ஒரே வகை, விரியன் இனம். பூட்ஸ் போட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

படி 7: முகவரியைச் சுவரில் ஒட்டுங்கள்

அவசர எண் 112. "112 சுவோமி" என்ற செயலியை முன்பே தரவிறக்கி அதன் வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தானாகவே போய்விடும். அதையே நம்பி இருக்காமல் கேபினின் முழு முகவரியையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுப் பக்கம் ஒட்டுங்கள். காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் பிடிக்கும். வழி சொல்லத் தடுமாறும் நிமிடங்கள் அதோடு சேரக் கூடாது.

படி 8: கிளம்பும் நாள்

பெரும்பாலும் நண்பகலுக்குள் காலி செய்யச் சொல்வார்கள், ஆகவே முந்தின இரவே தொடங்குங்கள். அடுப்புச் சாம்பல் முழுதாக ஆறிய பிறகு, அதற்கென்று வைத்திருக்கும் மூடியுள்ள உலோக வாளியில் அள்ளுங்கள். சவுனாப் பலகைகளைத் தேய்த்துக் கழுவிக் கதவைத் திறந்து காயவிடுங்கள். குப்பையைப் பிரித்து, உரிமையாளர் சொன்ன இடத்தில் சேருங்கள். படகைக் கரையேற்றிக் கவிழ்த்துக் கட்டுங்கள், துடுப்புகள் கொட்டகைக்குள். அடுத்து வருபவருக்கு ஒரு சவுனாவுக்கான விறகை உள்ளே அடுக்கி வைத்துவிட்டு, சாவியை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.